எட்டாவது விதி, எனக்கு எட்டியவரை

பினாங்கு உயர்நீதிமன்ற நடைவழியில்
ஒரு நாற்காலிக்குக் கால் ஆடும்.
இருபத்திரண்டு ஆண்டுகளாக
என் கட்சிக்காரர்களை அதில்தான் உட்காரவைக்கிறேன்.
மற்றவை காலியாக இருப்பதில்லை.

அன்று யுகேஸ்வரி.
பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் பொறியாளர்.
தொலைபேசியில் ஒன்பது அறைகள் காலியாக இருந்தன,
பெயரைச் சொன்னதும் ஒவ்வொன்றாக நிரம்பின.
பத்தாவது வீட்டுக்காரர் நேர்மையானவர்,
எழுத்திலேயே அனுப்பினார்:
‘மன்னிக்கவும், இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை.’
கடைசியில் கைகூப்பும் மஞ்சள் பொம்மை ஒன்று.
அந்தக் கும்பிடு இப்போது
சான்றாவணம் நான்கு.

வீட்டுக்காரர் என்ன இனம் என்று
கேட்கத் தோன்றுகிறதா?
எனக்கும் தோன்றியது.

எல்லாரும் சட்டத்தின் முன் சமம்.
இவ்வளவுதான் முதல் வரி,
ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.
அடுத்த உட்பிரிவுக்கு மூச்சு வாங்கும்:
மதம் இனம் வம்சாவளி பிறந்த இடம் பாலினம்
என எண்ணிக்கொண்டே நடந்து
அரசாங்க அலுவலக வாசலில் நின்றுவிடும்.
அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் ஏறாது,
அழைப்புமணியை அழுத்தாது.
எட்டு அங்கே எட்டாது.

அதை எட்டவைக்கத்தான் போனேன்.
மலாயில் வாதாடினேன்,
ஆங்கிலத் தீர்ப்புகளை அடுக்கினேன்,
இடைவேளையில் அவளிடம்
தமிழில் பொய் சொன்னேன்:
‘நல்லாத்தான் போவுது.’

நீதிபதி கெட்டவர் அல்லர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தேவைக்கு அதிகமாகத் துடைத்தார்.
அனுதாபம் உண்டு என்றார்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
அனுதாபத்துக்குப் பிரிவு எண் கிடையாது,
மேற்கோள் காட்ட முடியாது.
தனியார் வீடு தனியார் விருப்பம்,
வழக்கு தள்ளுபடி,
செலவுத்தொகை மூவாயிரம் ரிங்கிட்.

‘ஆறு மாச ரூம் வாடகைக்கா’ என்றாள் யுகேஸ்வரி.
அழவில்லை.
ஆடும் காலை அமுக்கிப் பிடித்தபடி எழுந்து
கிராப் காருக்குச் சொன்னாள்.
சுங்கை டுவாவில் தோழி வீட்டுக் கூடத்தில்
அவளுக்கு ஒரு மெத்தை இருக்கிறது.
பகலில் அதைச் சுருட்டி
அலமாரிக்குப் பின்னால் வைக்கவேண்டும்.

நான் அங்கியைக் கையில் மடித்துக்கொண்டு
பாடாங் கோத்தா வரை நடந்தேன்.
பசெம்பூர் வாங்கினேன், பாதி தின்றேன்.
கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அப்போதுதான் கெல்வின் அழைத்தான்,
ஜெலுத்தோங்கில் எனக்கொரு சின்ன வீடு இருக்கிறது,
அதற்கு ஆள் பார்க்கும் முகவர்.

‘மேடம், யாருக்கெல்லாம் வேண்டாம்?
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கு,
காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது.’

போன குடித்தனம் சுவரில் அடித்துவிட்டுப் போன
பதினொரு ஆணிகள்.
ஒரு அறையில் ஆறு பேர்.
வடிகால் அடைத்த எண்ணெய்.
அவர்கள் எந்த நாடு என்பது
கேட்காமலே நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

மூன்று நொடி இருக்கும்.

பிறகு சொன்னேன், நீதிமன்றக் குரலில்:
‘யாருக்கு வேண்டுமானாலும் கொடு.’
கெல்வின் சிரித்தான்.
‘ஓகே, அப்ப கோடு போட்டு விடுறேன்.’

அந்த மூன்று நொடியில்
நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துவைத்த வாதமும்
அதுதான், அட்சரம் பிசகாமல்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
இன்று பதினேழு.
முதல் வரியை நாலு முறை எழுதி அழித்தாயிற்று.
எழுத்தர் ஃபைசா இரண்டு தடவை எட்டிப் பார்த்து,
தே ஓ வைத்துவிட்டுப் போய்விட்டாள்.
‘எதிர்மனுதாரர், வீட்டு உரிமையாளர்’
என்று எழுதும்போதெல்லாம்
மேசை ஓரத்தில் கிடக்கும்
ஜெலுத்தோங் வீட்டு மின்கட்டண பில்
விசிறிக் காற்றில் படபடக்கிறது.
அதன்மேல்
கோப்பையைத் தூக்கி வைத்துவிட்டு
ஐந்தாவது முறை எழுதுகிறேன்.